ஓவனில் காய்ந்த சூரையும் மாலத்தீவு மாசியும்

போன விடுமுறையில் ஒரு வேண்டாத வேலை செய்து பார்த்தேன். அமெரிக்கர்கள் 'ஜெர்க்கி' என்று ஒன்றைக் கொறிப்பார்கள். இறைச்சியை நீளநீளமாக அரிந்து, சோயா சாஸ், மிளகு, சர்க்கரை எல்லாம் போட்டு ஊறவைத்து, ஓவனில் குறைந்த சூட்டில் பல மணி நேரம் காயவிட்டு எடுப்பது. மீனிலும் செய்கிறார்கள். சித்தி கேக் செய்யவென்று வாங்கி, கேக் செய்யாமலே வைத்திருந்த ஓவன் ஒன்று வீட்டில் இருந்தது. மதியம் மார்க்கெட்டில் சூரை மலிவாகக் கிடைத்தது. போதாதா?

மூன்று மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால், மேல்பக்கம் செருப்புத்தோல். பிய்த்துப் பார்த்தால் உள்ளே ஈரம். பரவாயில்லை, ஆறினால் சரியாகிவிடும் என்று எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். ஐந்தாம் நாள் டப்பாவைத் திறந்தபோது பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏலே, மாசி போடணும்னா முதல்ல அவிக்கணும்லா? பச்சையாவே காய வச்சா அது எப்படிலே நிக்கும்?"

நான் மாசி போடவில்லை, ஜெர்க்கி போட்டேன் என்று விளக்க முயன்றேன். ஆச்சிக்கு அதில் அக்கறை இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. ஏன் முதலில் அவிக்க வேண்டும்? நம் ஊர்க் கருவாட்டை யாரும் அவிப்பதில்லையே. நெத்திலி, வாளை, சீலா எல்லாமே உப்பும் வெயிலும்தானே. மாசி மட்டும் ஏன் வேறு மாதிரி? தேடப் போனதில் ஒரு நாட்டின் வரலாறே அந்தக் கருவாட்டுக்குள் இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜெர்க்கியை முடித்துவிடுகிறேன். அந்தச் சொல் ஆங்கிலேயர் சொல் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைவாசிகள் பேசும் கெச்சுவா மொழியில் காய்ந்த இறைச்சிக்கு 'சார்க்கி' என்று பெயர். ஸ்பானியர் வாயில் புகுந்து, பிறகு ஆங்கிலத்தில் ஜெர்க்கி ஆகிவிட்டது. பகலில் கடும் வெயிலும் இரவில் உறைபனியும் உள்ள மலை அது. காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். அந்த முறையைக் கடலோர ஊர் ஒன்றின் சமையலறையில் அப்படியே செய்ய நினைத்தது என் புத்திசாலித்தனம்!

இனி மாசி. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. இலங்கைக்காரர்களுக்குச் சுத்தமாகத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: மாசிக்கருவாடு பார்ப்பதற்குக் கருவாடு மாதிரியே இருக்காது. கருத்த மரக்கட்டைத் துண்டு மாதிரி இருக்கும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கட்டையைத் தட்டுவதுபோலச் சத்தம் கேட்கும். அதை உரலில் இடித்துத்தான் சமையலில் சேர்க்க வேண்டும். தேங்காய்ச் சம்பல், சீனிச்சம்பல், கத்தரிக்காய், கீரை என்று எதில் ஒரு பிடி போட்டாலும் ருசி மாறிவிடும். சிங்களத்தில் இதற்குப் பெயர் உம்பலகட. நாம் மாசி என்கிறோம். மாலத்தீவின் திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். பெயரும் பண்டமும் சேர்ந்தே கப்பலேறி வந்திருக்கின்றன.

மாசிக்கு உரிய மீன் சூரை இனத்தைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் ஸ்கிப்ஜாக். வயிற்றில் நீளவாக்கில் நாலைந்து கருங்கோடு ஓடும். மாலத்தீவுக்காரர்கள் இதை வலை போட்டுப் பிடிப்பதில்லை. விடியற்காலையில் பவளப்பாறை ஓரத்தில் குஞ்சு மீன்களை அரித்து, படகின் அடித்தளத்தில் தண்ணீர் நிரப்பி உயிரோடு வைத்துக்கொள்வார்கள். பிறகு ஆழ்கடலுக்குப் போய், சூரைக்கூட்டம் தென்பட்டதும் அந்தக் குஞ்சுகளை வீசுவார்கள், கூடவே தண்ணீரையும் வாரி இறைப்பார்கள். கடலே கொதிப்பதுபோல மீன்கள் மேலே வரும். ஆட்கள் படகின் பின்பக்கம் வரிசையாக நின்று, நீண்ட கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொன்றாக இழுத்துத் தலைக்கு மேலே பின்னால் எறிவார்கள். தூண்டில் முள்ளில் எதிர்க்கொக்கி கிடையாது, அதனால் மீன் தானாகக் கழன்று படகுக்குள் விழும். ஒரு ஆள், ஒரு கழி, ஒரு மீன். சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். இன்றைக்கும் முறை இதுதான். வலையில் ஆமையும் டால்பினும் மாட்டும் பிரச்சினை இதில் இல்லை என்பதால், 2012-ல் இந்த மீன்பிடிக்குச் சர்வதேசச் சான்றிதழ்கூடக் கிடைத்தது.

சாயங்காலம் படகு கரைக்கு வந்ததும் வேலை பெண்கள் கைக்கு மாறும். தலை, குடல், செவுள் நீக்கி, முதுகெலும்பை எடுத்துவிட்டு, மீனை நீளவாக்கில் நாலு துண்டாக்குவார்கள். கடல்நீரில் போட்டு வேகவைப்பார்கள். பிறகு அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகை போடுவார்கள். அதன் பிறகு பல நாள் வெயில். புகையோடு நிறுத்தினால் அது 'வல்ஹோமஸ்', முழுக்கக் காய்ந்தால் 'ஹிகிமஸ்'. வேகவைத்த தண்ணீரையும் கொட்ட மாட்டார்கள். அதைச் சுண்டக் காய்ச்சினால் கறுப்பு அல்வா மாதிரி ஒரு குழம்பு வரும், பெயர் 'ரிஹாகுரு'. சோற்றில் ஒரு கரண்டி பிசைந்து சாப்பிடுவார்கள்.

இதெல்லாம் எவ்வளவு பழசு? இங்கேதான் இபின் பதூதா வருகிறார். மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய அந்த மனிதர், 1343-ல் மாலத்தீவில் போய் இறங்கினார். அப்போது அங்கே ஆட்சியில் இருந்தது கதீஜா என்ற பெண். பதூதாவைப் பிடித்து நீதிபதியாக உட்கார வைத்துவிட்டார்கள். ஒன்றரை ஆண்டுபோல அங்கே இருந்தார். அவருடைய பயண நூலில் தீவு மக்களின் உணவு பற்றி எழுதும்போது, இந்த மீனின் பெயரை 'குல்ப் அல்-மாஸ்' என்று குறிக்கிறார். சதை சிவப்பு, கொழுப்பே இல்லை, வாசனை ஆட்டிறைச்சி போல இருக்கிறது என்கிறார். நாலு துண்டாக்கி, கொஞ்சம் வேகவைத்து, ஓலைக்கூடையில் வைத்துப் புகை காட்டி, நன்றாகக் காய்ந்த பின் சாப்பிடுகிறார்கள், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புகிறார்கள் என்றும் சொல்கிறார். கிட்டத்தட்ட 680 வருடம் ஆகிவிட்டது. நாலு துண்டு என்ற கணக்குகூட மாறவில்லை. எனக்கு இதைப் படித்தபோது புல்லரித்தது.

(இந்த மீனும் தேங்காயும் ஆண்களுக்குத் தரும் 'தெம்பு' பற்றியும், தனக்கு அங்கே நாலு மனைவிகள் இருந்தது பற்றியும் பெருமையாக அளந்திருக்கிறார். அதை இங்கே எழுதினால் வகுப்பில் மானம் போகும் :-) )

மாலத்தீவை விட்டுக் கிளம்பியவர் இலங்கை வழியாக நம் கரைக்கும் வந்து சேர்ந்தார். அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி. அந்தக் காலத்து மதுரை பற்றித் தமிழில் எழுதுபவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டும் அதே பதூதாதான் மாசிக்கும் சாட்சி.

அவருக்குப் பின்னால் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு வந்த மா ஹுவானும், இந்தத் தீவுகளில் பெரிய மீனைத் துண்டுபோட்டுக் காயவைத்து வெளிநாட்டு வணிகர்களுக்கு விற்பதைக் குறித்திருக்கிறார். 1602-ல் 'கோர்பான்' என்ற பிரெஞ்சுக் கப்பல் மாலத்தீவுப் பாறையில் மோதி உடைந்தது. அதில் பிழைத்த பிரான்சுவா பிரார் என்பவர் 1607 வரை அங்கே சிறைக்கைதி மாதிரி வாழ்ந்தார். சும்மா இருக்காமல் மொழியைக் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பியதும் புத்தகம் எழுதிவிட்டார். கடல்நீரில் வேகவைத்துக் காயவைப்பதை அவரும் சொல்கிறார்.

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன். தூத்துக்குடியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் உப்பளம். வறண்ட காற்று, கொளுத்தும் வெயில். மீன் மிஞ்சினால் உப்பைப் போட்டுப் புரட்டி மணலில் விரித்தால் போதும், கருவாடு ஆகிவிடும். மாலத்தீவில் நிலம் கடல் மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம்கூட இல்லாத மணல் திட்டு. உப்பளம் போட இடம் எங்கே இருக்கிறது? மழையும் அடிக்கடி வந்துவிடும். ஈரக்காற்றில் பச்சை மீன் காய்வதற்குள் அழுகிவிடும். ஆக அவர்களிடம் தாராளமாக இருந்தவை மூன்றுதான்: கடல்நீர், தென்னை மட்டை, நேரம். உப்புக்குப் பதில் கடல்நீரில் வேகவைத்தார்கள், வெயிலை மட்டும் நம்பாமல் புகையையும் சேர்த்துக்கொண்டார்கள். இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு ஊரின் நிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

அந்த மணல் திட்டில் நெல்லும் விளையாது. அதனால் மாசி அவர்களுக்கு வெறும் தொடுகறி இல்லை. மாசி போனால்தான் அரிசி வரும். ஒரு காலத்தில் சோழிகளை வங்காளத்துக்கு அனுப்பி அரிசி வாங்கினார்கள். அங்கே சோழிதான் சில்லறைக் காசு. 19-ம் நூற்றாண்டில் சோழி செல்லாக்காசானதும் மிஞ்சியது மாசி ஒன்றே. ஏறக்குறைய முழுவதும் கொழும்புக்குப் போனது. ஒரே பண்டம், ஒரே சந்தை. இப்படி ஒரு நாடு எவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்?

நடுவில் லாபம் பார்த்தவர்கள் வேறு. 19-ம் நூற்றாண்டின் நடுவில் இந்தியாவிலிருந்து போன போரா வணிகர்கள் மாலேயில் கடை விரித்தார்கள். அரிசியைக் கடனாகக் கொடுத்து மாசியை வாங்கினார்கள். கடன் என்றால் விலை யார் கையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1887-ல் மாலத்தீவு பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் போன பிறகும் இந்த நிலை மாறவில்லை. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து குறைந்தபோது அரிசி வரவில்லை. தீவுகளில் இலையையும் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தார்கள். கடல் நிறைய மீன் இருந்தும் பஞ்சம்!

அப்போது அதிகாரத்தில் இருந்த முகம்மது அமீன் தீதி மீன் ஏற்றுமதியை அரசுடைமை ஆக்கினார். போரா வணிகர்களின் காலம் முடிந்தது. 1953 ஜனவரியில் மாலத்தீவு குடியரசானபோது அவரே முதல் ஜனாதிபதி. அதே ஆண்டு ஆகஸ்டில், அவர் சிகிச்சைக்காக வெளிநாடு போயிருந்தபோது கவிழ்க்கப்பட்டார். மக்கள் கோபத்துக்குக் காரணங்களில் ஒன்று, மறுபடியும் அரிசித் தட்டுப்பாடு.

தெற்குத் தீவுகளின் கதை இன்னும் கசப்பானது. அட்டு, ஹுவது தீவுக்கூட்டங்களும் புவமுலாவும் மாலேக்கு வெகு தொலைவு. அங்கிருந்தவர்கள் தங்கள் சொந்தப் பாய்மரக் கப்பல்களில் மாசியை ஏற்றி நேராகக் கொழும்புக்குப் போய் விற்று, அரிசியும் துணியும் வாங்கி வந்தார்கள். எல்லாம் தலைநகர் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. வரியும் ஏறியது. 1959 ஜனவரியில் அந்தத் தெற்குத் தீவுகள் 'சுவாதிவ் ஐக்கியக் குடியரசு' என்று தனிநாடே அறிவித்துவிட்டன. அப்துல்லா அபீப் என்பவர் ஜனாதிபதி. கன் தீவில் இருந்த பிரிட்டிஷ் விமானத்தளமும் அங்கே கிடைத்த வேலையும் இதில் பெரிய பங்கு என்பது உண்மை. ஆனாலும், என் மாசியை நான் யாருக்கு விற்பது என்பதை நீ எப்படி முடிவு செய்யலாம் என்ற கோபம் அடியில் இருந்தது. 1963-ல் அந்தக் குடியரசு முடிந்துபோனது. அபீப் செஷல்சுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மாசி வியாபாரத்தின் முதுகெலும்பு உடைந்தது அதற்குப் பிறகு. 1970-களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளை வெட்டித் தள்ளியது. பட்டியலில் மாசியும் போனது. இலங்கைச் சமையலறையில் ஒரு பிடி மாசி குறைந்தது, அவ்வளவுதான். மாலத்தீவுக்கோ இருந்த ஒரே சந்தை மூடிக்கொண்டது. நூற்றாண்டுகளாக நடந்த வியாபாரம் 1972 வாக்கில் சரிந்தது.

அதே சமயம் ஜப்பானிய நிறுவனங்களின் குளிர்பதனக் கப்பல்கள் வந்து, பிடித்த மீனைக் கடலிலேயே பச்சையாக வாங்கத் தொடங்கின. 1974-லிருந்து தோணிகளில் எஞ்சின் ஏறியது. 1972-ல் முதல் சுற்றுலா விடுதியும் திறந்தது. நாடு பிழைத்துக்கொண்டது என்று பொருளாதாரப் புத்தகங்கள் எழுதும். உண்மைதான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். மீன் கடலிலேயே விற்றுப்போனால் கரையில் காத்திருந்த பெண்களுக்கு என்ன வேலை? வெட்டுவது, அவிப்பது, புகை போடுவது, காயவைப்பது என்று மாசியில் பாதிக்கு மேல் அவர்கள் உழைப்பு. அதற்கென்று ஒரு பங்கும் ஒரு சொல்லும் வீட்டில் இருந்தன. இப்போது காசு கப்பலிலிருந்து நேராக ஆண்கள் கைக்கு வந்தது. மீன்வளத் திட்டங்களில் எஞ்சினுக்கும் ஐஸுக்கும் கணக்கு இருந்தது, இவர்களுக்குக் கணக்கு இல்லை. வரலாற்றில் சந்தை மூடினால் ராஜாக்கள் பெயரும் மந்திரிகள் பெயரும் எழுதப்படுகின்றன. அடுப்படியில் நின்றவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

மாசி அழிந்துவிடவில்லை. மாலத்தீவில் வீட்டுச் சமையலுக்கு அது இன்றும் வேண்டும். இலங்கைக்கு மறுபடியும் போகத் தொடங்கிவிட்டது, தென்னிலங்கைக் கரையிலும் உம்பலகட செய்கிறார்கள். நம் நாட்டிலேயே லட்சத்தீவின் மினிக்காய் தீவில் திவேஹி பேசும் மக்கள் இதே கழித்தூண்டிலில் சூரை பிடித்து, இதே மாதிரி அவித்துப் புகை போட்டு 'மாஸ்மீன்' செய்கிறார்கள். ஜப்பானில் இதே மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாக்கி 'கட்சுவோபுஷி' என்று சீவிச் சீவிப் போடுகிறார்கள். மாலத்தீவிலிருந்துதான் ஜப்பானுக்குப் போனது என்று சிலர் சொல்வதுண்டு. ஆதாரம் காட்டிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஒரே மீன் ஒரே பிரச்சினையைக் கொடுத்தால் இரண்டு ஊரில் ஒரே விடை வரலாமே.

அந்தப் பிரச்சினை என்னவென்று ஓவனில் கருகிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. சூரை இன மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். ஒருமுறை உண்டாகிவிட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் ஹிஸ்டமின் போகாது. அதனால் பிடித்த அன்றைக்கே வேகவைத்துவிட வேண்டும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் தோணியும், கரையில் தயாராக எரியும் அடுப்பும் அதைத்தான் செய்தன. நான் வாங்கியது மதியம்வரை வெயிலில் கிடந்த மீன்! பூசணம் பிடித்தது என் நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சூடு அதிகமானால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழி இருக்காது. என் 'செருப்புத்தோல்' அதுதான். வேகவைத்தால் சதை சுருங்கித் தண்ணீரை முன்பே கக்கிவிடுகிறது, கிருமிகளும் சாகின்றன. அமெரிக்கர்களே இதைத் தாமதமாகத்தான் கற்றார்கள். 1995-ல் ஓரிகன் மாநிலத்தில் வீட்டில் செய்த மான் ஜெர்க்கி சாப்பிட்டுப் பலருக்கு ஈ.கோலை தொற்று வந்தது. காயவைப்பதற்கு முன்பே இறைச்சியை 71 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள் என்று அந்நாட்டு விவசாயத் துறை இன்று சொல்கிறது. அதாவது, முதலில் அவிக்கணும்லா.

மூன்றாவது கொழுப்பு. எண்ணெய் உள்ள மீன் காய்ந்தாலும் காறிப்போகும். சூரையில் கொழுப்பு குறைவு என்பதைப் பதூதா ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்கு அவர் போதும்.

இரண்டாவது முயற்சியில் காலை ஆறு மணிக்கே கரைக்குப் போய் மீன் வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் உப்பு, அதாவது கடல்நீர் அளவு. நாலு துண்டாக்கி முக்கால் மணி நேரம் வேகவைத்து, முள் எடுத்து, ஓவனை 70 டிகிரியில் வைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் சொருகி ஆவி போக வழிவிட்டேன். இந்த முறை ஓவன் சித்தியுடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களுடையது. சித்தியின் ஓவன் 100-க்குக் கீழே இறங்காது என்பதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். முதல் நாள் எட்டு மணி நேரம். ராத்திரி ஃபிரிட்ஜில். மறுநாள் மறுபடி எட்டு மணி நேரம். புகை இல்லை, அதனால் இது முழு மாசி என்று சொல்ல எனக்கே தயக்கம்.

ஆச்சி ஒரு துண்டை எடுத்து அம்மிக்கல்லில் தட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது. மோந்து பார்த்தாள். "புகை வாடையே இல்லியே" என்றாள். ஆனால் அன்று ராத்திரிச் சம்பலுக்கு அதைத்தான் இடித்தாள்.